நான்கு வயது மகளின் பிறந்தநாள், ஜூலை மழை, ஒற்றைப் படுக்கையறை வீடு: ஓடியாடிக் கொண்டாட வழி உண்டா?

செம்பூர் அம்மா:

அனைவருக்கும் வணக்கம். ஜூலை மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளுக்கு நான்கு வயது நிறைகிறது. மும்பை செம்பூரில் இரண்டாவது மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். அந்த வாரம் திருநெல்வேலியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். தேதிப்படி வரும் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பே நட்சத்திரப் பிறந்தநாள் வந்துவிடுவதால், அன்று கோயிலில் அர்ச்சனை செய்தாக வேண்டும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

சென்ற ஆண்டு ஒரு வணிக வளாகத்தின் விளையாட்டுக் கூடத்தை இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தார். பாட்டுச் சத்தத்தில் அவர் சொன்னதும் புரியவில்லை, குழந்தைகள் அழுததும் கேட்கவில்லை. கேக் வெட்டும் நேரத்தில் பிறந்தநாள்காரியைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், பரிசுப் பொட்டலங்கள் அடுக்கியிருந்த மேசைக்கு அடியில், காதுகளைப் பொத்திக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் அத்தனை பேரும் சுவரோரம் நாற்காலி போட்டுக்கொண்டு கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம் என்பது, அந்தப் படங்களை வீட்டில் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஆகவே இந்த ஆண்டு தாத்தா பாட்டி உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் அவளோடு சேர்ந்து விளையாட வேண்டும் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. வீட்டில் பத்துக் குழந்தைகள் நின்றால் பதினோராவது குழந்தை நிற்க இடம் இருக்காது. மாமனாருக்கு முழங்கால் வலி. அவளுடைய தோழர்களில் பாதிப்பேர் மராத்தி, குஜராத்தி பேசும் வீட்டுப் பிள்ளைகள் என்பதால், தமிழில் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. இப்படிக் கொண்டாடிய அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தாராவி டீச்சர்:

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கே பணிக்காலம் முழுவதும் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மழைக்காலம் வந்தால் பிள்ளைகளைத் தாழ்வாரத்திலேயே விளையாடவைத்துப் பழகிய கை இது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் கட்டடம் தூண்கள்மேல் நின்று, அடியில் வண்டிகள் நிறுத்தும் வகையைச் சேர்ந்ததா? மும்பையில் பல சொசைட்டிகள், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்புகள், அப்படித்தான் இருக்கின்றன. அந்த ஸ்டில்ட் தளத்தைவிட நல்ல மழைக்கால விளையாட்டுத் திடல் இந்த ஊரில் கிடையாது. சொசைட்டி செகரட்டரியிடம் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்து, ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ஏழெட்டு வண்டிகளை மட்டும் வெளியே நிறுத்தித் தருமாறு கேளுங்கள். அந்த வண்டிக்காரர்களின் வீட்டுக் குழந்தைகளையும் அழைத்துவிட்டால் மறுப்பு வராது. முந்தின நாள் மாலையே தரையில் எண்ணெய்க் கறை எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் பெரியவர்களே வழுக்கி விழுவார்கள். தூண்களின் முனைகளில் பழைய போர்வையை இடுப்பளவு உயரத்துக்குச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். நான்கு வயதுக் குழந்தை பின்னால் வருகிறவரைப் பார்த்துக்கொண்டே முன்னால் ஓடும்.

மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். குலை குலையாய் முந்திரிக்காய் ஆட்டத்தில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைச் சுற்றி ஒருத்தி துணியோடு ஓடி, யார் முதுகுக்குப் பின்னாலாவது அதைப் போட்டுவிடுவாள் அல்லவா? அதையே மராத்திப் பிள்ளைகள் ‘மாமாச்ச பத்ர ஹரவ்ல’ என்று விளையாடுகிறார்கள். மாமாவின் கடிதம் தொலைந்துபோயிற்று என்பது அதன் பொருள். அங்கே துணி கடிதமாகிறது, ஓட்டம் ஒன்றுதான். நம் நொண்டி அவர்களுக்கு லங்கடி. ‘காக்கா பற, கொக்கு பற, எருமை பற’ என்று சொல்லி, பறக்காததற்குக் கை தூக்கியவரைப் பார்த்துச் சிரிக்கும் ஆட்டம் இந்தியில் ‘சிடியா உட்’. உங்கள் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தமிழில் ஒருமுறை, பக்கத்து வீட்டுக் குழந்தை இந்தியில் ஒருமுறை என்று மாறி மாறிச் சொல்லட்டும். கை தூக்குவதோடு எழுந்து குதிக்கவும் சொல்லிவிட்டால் பத்தே நிமிடத்தில் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும்.

மாமனாருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுங்கள், ஆனால் வேடிக்கை பார்க்கும் வேலை வேண்டாம். கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்துத் தரையோடு பாம்புபோல நெளியவிடச் சொல்லுங்கள். குழந்தைகள் பாம்பை மிதிக்காமல் தாண்டட்டும். தாத்தா யாரிடம் வேகமாக ஆட்டுகிறார், யாரிடம் மெதுவாக ஆட்டுகிறார் என்பதில்தான் அந்த விளையாட்டின் சுவை முழுவதும் இருக்கிறது. கடைசியாகப் பூப்பறிக்க வருகிறோம் ஆட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஒரு வரிசை, பிள்ளைகள் ஒரு வரிசை; இழுபறியில் பெரியவர்கள் தோற்க வேண்டியது கட்டாயம்.

எந்த ஆட்டத்தையும் பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே அடுத்ததற்குப் போய்விட வேண்டும்.

முலுண்டு அப்பா:

டீச்சர் சொன்னதோடு என் தோல்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்குப் புதையல் வேட்டை நடத்தினேன். பதினான்கு பிள்ளைகள், ஐந்து துப்புச்சீட்டுகள், முடிவில் ஒரே ஒரு பெட்டி. துப்பை வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான் என்பது எனக்கு முன்கூட்டித் தோன்றவில்லை. அந்த மூவரும் ஓட, மற்ற பதினொருவரும் எதற்கென்று தெரியாமலே பின்னால் ஓடினார்கள். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் இருவர் பிடித்து இழுத்ததில் மூடி கழன்று என் மகனின் உதட்டில் பட்டது. ரத்தக் கறை படிந்த சட்டையோடுதான் கேக் வெட்டினான்.

மறு ஆண்டு அதே வேட்டையை வேறு விதமாகச் செய்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிற ரிப்பன். அதே நிற ரிப்பன் கட்டிய ஐந்து பொருள்களை அந்தப் பிள்ளை மட்டுமே எடுக்கலாம். மற்றவருடைய பொருள் கண்ணில் பட்டால் ‘உன்னுடையது இங்கே இருக்கிறது’ என்று கத்தலாமே தவிர, தொடக்கூடாது. போட்டி போய்விட்டது, கத்தல் மட்டும் மிஞ்சியது, எல்லோர் கையிலும் ஐந்தைந்து பொருள்கள். தயவுசெய்து இசை நாற்காலியை வைக்காதீர்கள். யாருக்கு ஓட்டம் வராதோ அந்தக் குழந்தை முதல் சுற்றிலேயே வெளியேறி, கடைசிவரை சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. வைத்தே தீர வேண்டும் என்றால், நாற்காலிக்குப் பதிலாகப் பாய்களை விரித்து, சுற்றுக்கு ஒரு பாயாகக் குறைத்து, ஆள் யாரையும் வெளியேற்றாமல் அத்தனை பேரும் கடைசிப் பாயில் நெருக்கியடித்து நிற்க வேண்டும் என்று விதியை மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கடைசிப் பாயில் என் அத்தையும் நின்றார்.

வெளியே எங்காவது போகலாமா என்ற எண்ணம் வந்தால், பத்துப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதீர்கள். உங்கள் ஹார்பர் லைன் ரயில் பாதையில் மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் நேரம், அறிவித்துவிட்டார்கள் என்றால் செம்பூரிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அத்துடன் கனமழையும், நாலரை மீட்டருக்கு மேல் எழும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் வடியவே வடியாது. அப்படி ஏற்றம் வரும் நாள்களின் பட்டியலை மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே வெளியிடுகிறது. நாள் குறிக்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

குடும்பம் மட்டும் தனியாகப் போவதானால் இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, வர்லியில் உள்ள நேரு அறிவியல் மையம். 1979ஆம் ஆண்டு குழந்தைகளுக்கான அறிவியல் பூங்காவாகத் தொடங்கி, 1985இல் முழு மையமாகத் திறக்கப்பட்டது. ‘தொடாதே’ என்று சொல்வதற்குப் பதிலாகத் ‘தள்ளிப் பார், சுழற்றிப் பார்’ என்று சொல்லும் இடம் அது. மழை விட்டால் வெளியே பூங்கா, பிடித்தால் உள்ளே கூடங்கள். மற்றொன்று பைகுல்லாவின் ராணி பாக் உயிரியல் பூங்கா. அங்கே 2016இல் சியோலிலிருந்து கொண்டுவந்த ஹம்போல்ட் பென்குவின்களைக் கண்ணாடிக்குப் பின்னால் குளிரூட்டிய கூடத்தில் வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை விடுமுறை. பென்குவின் நடப்பதைப் பார்த்துவிட்டு வந்த என் மகன் குர்லாவில் ரயில் மாறும் வரை அப்படியேதான் நடந்து வந்தான். பின்னால் வந்தவர்கள் திட்டியது தனிக்கதை. பொரிவலி தேசியப் பூங்கா எனக்கு மிகவும் பிடித்த காடு, ஆனால் ஜூலையில் ஓடைகளில் திடீரென்று தண்ணீர் ஏறும் என்பதால் சின்னப் பிள்ளைகளோடு குளிர்காலத்தில் போவதே நல்லது.

செம்பூர் அம்மா:

இருவருக்கும் நன்றி. எங்களுடையதும் தூண்கள்மேல் நிற்கும் கட்டடம்தான். ஏழு ஆண்டுகளாக அங்கே வண்டியை நிறுத்தி எடுத்திருக்கிறோமே தவிர, அது விளையாடும் இடம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. செகரட்டரியிடம் பேச வேண்டும். ஒரு சந்தேகம். எங்கள் மகள் கேட்பது ஒரே ஒரு பரிசு: ‘மழையில் நனைய வேண்டும், தண்ணீரில் தொப்பென்று குதிக்க வேண்டும்.’ இதற்குச் சம்மதிக்கலாமா? பிறந்தநாளுக்கு மறுநாள் காய்ச்சல் வந்தால் மாமியார் என்னைத்தான் கேட்பார்.

சயான் செவிலி:

அரசு மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் வார்டில் பணிபுரிகிறேன். மழையில் நனைவதையும் தெருத்தண்ணீரில் குதிப்பதையும் நீங்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வானத்திலிருந்து நேரே விழும் மழையில் பத்துப் பதினைந்து நிமிடம் நனைந்து, உடனே துடைத்து உலர்ந்த துணி மாற்றினால் அதனால் மட்டும் காய்ச்சல் வருவதில்லை. சளியும் காய்ச்சலும் கிருமியால் வருபவை. ஆனால் தெருவிலும் சாக்கடை ஓரத்திலும் தேங்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கக்கூடும். காலில் சிறு கீறலோ சிராய்ப்போ இருந்தால் அதன் வழியாகவும், கண், வாய் வழியாகவும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி உடலுக்குள் புகும். காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்கள் கழித்தே வருவதால், அந்த நாளின் குதியாட்டத்தோடு அதை யாரும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் வெள்ளநீரில் நடந்தவர்கள் மூன்று நாள்களுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று மாநகராட்சி அறிவிப்பதும் இதனால்தான். பெரியவர்களுக்குக் கொடுக்கும் தடுப்பு மாத்திரையைச் சிறு குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுத்துவிடக்கூடாது.

ஆகவே குதிக்கும் குளத்தை நீங்களே உண்டாக்குங்கள். மொட்டை மாடிச் சாவி கிடைத்தால், இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளைக் காலையிலேயே கழுவி வைத்துக் குழாய்த்தண்ணீரைக் கணுக்கால் அளவுக்கு நிரப்பி, அதில் குதிக்கவிடுங்கள். மேலே மழை பெய்தால் பெய்யட்டும். தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரை ஒரு பெரியவர் கைப்பேசியைக் கையில் எடுக்காமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கணுக்கால் அளவுத் தண்ணீரும் சின்னக் குழந்தைக்கு ஆபத்துதான். விளையாட்டு முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள், கொசு முட்டையிட இடம் வேண்டாம். இடி கேட்டால் அந்த நிமிடமே எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும்.

டீச்சர் மன்னிக்க வேண்டும், பூப்பறிக்க வருகிறோம் ஆட்டத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையின் கையை நீட்டியபடி வெடுக்கென்று இழுத்தால் முழங்கை மூட்டில் எலும்பு சற்றே நழுவிவிடும். குழந்தை கையைத் தொங்கவிட்டு, அசைக்காமல் அழும். மருத்துவர் ஒரு நொடியில் சரிசெய்துவிடுவார், ஆனால் பிறந்தநாள் அன்று அந்த நொடி வேண்டாம். அப்பாக்கள் இரு கைகளையும் பிடித்துத் தூக்கிச் சுற்றுவதும் இதில் சேர்த்தி. அக்குளில் பிடித்துத் தூக்குங்கள். இழுத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு பழைய பருத்திப் புடவையைப் பெரியவர்கள் ஒரு பக்கமும் பிள்ளைகள் மறுபக்கமுமாகப் பிடித்து இழுக்கலாம்.

பலூன்களையும் ஒரு பெரியவர் பொறுப்பில் விடுங்கள். ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் குழந்தையின் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகவும் கடினம். வெடித்த துண்டுகளைப் பொறுக்குவதையே சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கான போட்டியாகவும் வைக்கலாம்.

இவ்வளவு ஓட்டம் அதிகமோ என்று நினைக்க வேண்டாம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலசைவோடு இருக்க வேண்டும், அதில் 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். உங்கள் ஸ்டில்ட் தளத்தில் அந்த 60 நிமிடம் கேக்குக்கு முன்பே முடிந்துவிடும்.

மாட்டுங்கா மாமி:

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். கேக்கை முதலில் வெட்டினால் வயிறு நிறைந்து ஓடும் பிள்ளை வாந்தி எடுக்கும், அதனால் ஆட்டம் முடிந்த பிறகே வெட்ட வேண்டும். நடுவில் தண்ணீரும் நீர்மோரும் மட்டும் போதும். பிறகு பொடி தடவிய குட்டி இட்லி, சேமியா பாயசம், கேக்கில் ஒரு சின்னத் துண்டு. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை இரண்டும் இந்த வயதுக்கு வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுக்கலாம். தெர்மோகோல் அலங்காரம், பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் தட்டு எல்லாம் 2022 ஜூலை முதல் தடை செய்யப்பட்டவை. கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழை இலை கிடைக்கிறது. இலையில் சாப்பிடத் தெரியாத குஜராத்திக் குழந்தை பாயசத்தை வழித்து நக்கக் கற்றுக்கொள்வதும் ஒரு விளையாட்டுதான்.

நட்சத்திரப் பிறந்தநாளை மாமியாருக்காகச் செய்யும் கடமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் செம்பூரிலேயே சேடா நகர் முருகன் கோயில் இருக்கிறதே, 108 படி. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏறுங்கள். ஈரமாக இருந்தால் மெதுவாக ஏறினால் போயிற்று.

செம்பூர் அம்மா:

பிறந்தநாள் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. வழி சொன்னவர்களுக்குக் கணக்குச் சொல்வது முறை.

செகரட்டரி பத்து முதல் பன்னிரண்டு வரை அனுமதி கொடுத்தார். பதினொன்றரை மணிக்குத் தம் பேரனையும் அழைத்துக்கொண்டு அவரே இறங்கி வந்துவிட்டார். பதினொரு குழந்தைகள், ஒன்பது பெரியவர்கள். மாமனாரின் பாம்புக்குத்தான் நல்ல கூட்டம். பத்து நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்ற டீச்சரின் விதியை அதில் மட்டும் மீறி அரை மணி நேரம் நடத்தினோம். மாமியார் ‘எருமை பற’ என்றதும் ஒரு மராத்திக் குழந்தை எழுந்து குதித்துவிட்டு, ‘பாட்டி, எருமை என்றால் என்ன?’ என்று இந்தியில் கேட்டது; என் மகள் நான்கு காலில் நடந்து காட்டினாள். புடவை இழுப்பில் பெரியவர்கள் நிஜமாகவே தோற்றோம், புடவையும் நடுவில் கிழிந்தது. மொட்டை மாடித் தொட்டியில் கால் மணி நேரம் குதித்தார்கள். எதிர்பார்த்த மழைதான் அன்று வரவில்லை, அதனால் கணவர் ஏணிமேல் நின்று பூவாளியால் பெய்யவைத்தார்.

கோயில் படியில் ஒரு சிக்கல். 29 வரை ஒழுங்காக எண்ணினாள். அதற்குப் பிறகு நாற்பதுக்குத் தாவி, அங்கிருந்து மறுபடி இருபதுக்கு இறங்கினாள். ‘நூற்றெட்டு வரவே இல்லையே’ என்று மேலே நின்று அழுததால், கீழே இறங்கி மறுமுறையும் ஏறினோம். மாமனார் முதல்முறை மட்டும் ஏறிவிட்டு மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

காய்ச்சல் இல்லை. இப்போதைய ஒரே பிரச்சினை, பதினொரு துவாலைகளும் இரண்டு நாளாகியும் காயாமல் வீடு முழுக்க வாடை அடிக்கிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

தாராவி டீச்சர்:

கடைசியாக அலசும் தண்ணீரில் கால் கோப்பை வெள்ளை வினிகர் விட்டு மறுபடி அலசி, நன்றாகப் பிழிந்து, மின்விசிறிக்கு நேர் கீழே ஒன்றோடொன்று ஒட்டாமல் விரித்துப் போடுங்கள். அதன் பிறகும் ஈரம் இருந்தால் இஸ்திரிப்பெட்டிதான். பூப்பறிக்க வருகிறோம் பற்றிச் செவிலி சொன்னது எனக்குத் தெரியாத செய்தி. இத்தனை ஆண்டுகள் யார் கையும் நழுவாமல் போனதை நினைத்தால் இப்போதுதான் பயம் வருகிறது. உங்கள் மாமனாரின் முழங்கால் எப்படி இருக்கிறது?